ஆற்றுக்கு இக்கரையில் ஒரு வகுப்பறை

கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மொஹாக் பழங்குடியினரின் ஊர். யாழ்ப்பாணத்தில் பல வருடம் படிப்பித்துவிட்டு அகதியாக வந்த நான், இங்கே மறுபடியும் பயிற்சி ஆசிரியை. இந்த மக்களின் பண்பாட்டை அறிந்து வரும்படி பல்கலைக்கழகம் என்னை இவர்களுடைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறது.

பிள்ளைகள் தங்கள் மொழியில் எண்ணுகிறார்கள். நானும் சேர்ந்து எண்ணுகிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு முன்வரிசை மேசையில் கவிழ்ந்து சிரிக்கிறது. ஒரு சிறுமி என் மொழியில் ஏதாவது சொல்லச் சொல்கிறாள்.

"நாளைக்கும் வாறன்."

வகுப்பே நாளைக்கும் வருவதாக யாழ்ப்பாணத் தமிழில் கத்துகிறது.

இடைவேளையில் வகுப்பாசிரியை டோரிஸ், அவரும் மொஹாக்தான், எனக்குக் கோப்பி ஊற்றித் தருகிறார். நாங்கள் கதைக்கும் ஆங்கிலம் என் மனதில் ஊர்த் தமிழாகவே பதிகிறது.

"ஏன் உங்கட நாட்டை விட்டு வந்தனீங்கள்?"

"அங்க சண்டை. உயிர் தப்பி வந்தனாங்கள்," என்கிறேன். அவர் முகம் வாடுவதைப் பார்த்து, ஆறுதலாக இருக்கட்டுமென்று சேர்த்துச் சொல்கிறேன்: "கொஞ்ச நாளைக்குத்தான். நிலைமை சரிவந்தால் திரும்பிப் போயிடுவம்."

டோரிஸ் யன்னலுக்கு வெளியே, அக்கரையில் தெரியும் மொன்றியலின் மாடிக் கட்டடங்களைக் காட்டுகிறார்.

"ஓம். அதுகளைக் கட்டின ஆக்களும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு வந்தவை."

சிரித்தபடியே என் கோப்பையை மறுபடி நிரப்புகிறார்.