மஞ்சள் விளக்கை அணைத்த விடியல்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குக் கிளம்பிய விடியலில், டயரில் காற்று குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு எங்கள் வேனில் எரிந்தது. போன வாரம்தான் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டிருந்தோம், என்ன ஆகிவிடும்? இறங்கிப் பார்க்காமலே ரீசெட் பொத்தானை அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

"என்னங்க லைட்டு?" மனைவி அரைத்தூக்கத்தில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, தூங்கு."

மகள்களோடு அவளும் தூங்கிப்போனாள். மூடுபனியில் சாலை மிதந்தது.

பெட்ரோல் நிலையத்தில், தன் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பெண் கூப்பிட்டார்.

"அண்ணே, பின் டயர் படுத்துக் கெடக்கு லா!"

"லைட்டு எரியலையே?"

"ரீசெட் அமுக்கினீங்களா? அப்ப இந்தக் காத்தே போதும்னு வண்டி நம்பிடும்ணே."

காற்றுக் குழாயை நீட்டினார். குனிந்தவன், கண்ணாடி வழியே தூங்கும் மூவரையும் பார்த்தேன்.

என்னை வண்டி மட்டுமா நம்பியது?