ஞாயிற்றுக்கிழமை மூடி வைத்த சோறு

மேசையில் ஒரு பீங்கான் தட்டு. அதன் மேல் கவிழ்த்து வைத்த இன்னொரு தட்டு. வெள்ளவத்தையில் அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நாங்கள் எல்லோரும் மத்தியானமே ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு, கை கழுவி, பாயில் சரிந்துவிடுவோம். மூடிய தட்டு மட்டும் அத்தானுக்காகக் காத்திருக்கும். உள்ளே சோறு ஆறிக் குழம்பு உறைந்து கிடக்கும். அதைப் பார்க்கிற நேரமெல்லாம் அக்கா பாவம் என்று நினைப்பேன்.

அத்தான் அப்போது ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் வேலை. கிழமை நாட்களில் லொறிகளோடும் டிரைவர்மாரோடும் மாரடித்துவிட்டு, சனியும் ஞாயிறும் எம்.பி.ஏ. வகுப்புக்குப் போவார். வேலை செய்கிறவர்களுக்கென்றே நடத்துகிற பகுதிநேரப் படிப்பு, இரண்டு வருடம். எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய குற்றம் வேறு கிடையாது. கலியாணம், சாமத்தியவீடு, குடிபூரல் எல்லாம் கொழும்பில் சனி ஞாயிறில்தானே வரும்? போய்த் தலையைக் காட்டிவிட்டு வராதவனை உறவென்று யார் சொல்வார்கள்? அக்கா தனியே சேலை உடுத்திக்கொண்டு போவாள். "எங்க அவர்?" என்று கேட்பார்கள். "அவருக்குக் கிளாஸ்" என்பாள். "இன்னும் முடியேல்லையோ?" என்று யாராவது மண்டபத்துக்கே கேட்கும்படி சொல்வார்கள்.

அம்மாவுக்குப் பொறுக்காது. "என்ன கோதாரிப் படிப்பு இது! தலை நரைக்கிற வயசில ஆருக்காக? இருக்கிறதை விட்டிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறார் உன்ரை மனுசன்." அக்கா சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பொறுமை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிறு எல்லோரும் போன பிறகும் நான் அங்கே நின்றேன். அத்தான் தேத்தண்ணி நேரத்துக்கு வந்தார். டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சோற்றைச் சூடாக்க அக்கா எழும்ப, "வேண்டாம், நீர் இரும் முதல்ல" என்று அவளை எதிரே இருத்திவிட்டு, குழைத்துக்கொண்டே தொடங்கினார். ஏதோ ஒரு பிஸ்கட் கம்பெனி, விற்பனை விழுகிறது, புதுத் தொழிற்சாலை கட்டுவதா விடுவதா என்று வகுப்பில் வாதமாம். "நீர் என்ன செய்வீர், சொல்லும் பாப்பம்?" அக்கா ஏ.எல். சோதனையோடு படிப்பை விட்டவள். "முதல்ல கடைக்காரரிட்டக் கேட்டவையோ? பழைய பிஸ்கட்டே ராக்கையில கிடக்கேக்க ஃபக்டரி என்னத்துக்கு?" என்றாள். "ஐயோ, இதைத்தான் ஒருத்தனும் கேக்கேல்ல!" என்று அத்தான் மேசையில் தட்டினார். கடற்கரை ரயில் வீட்டை அதிர வைத்துக்கொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து வகுப்புச் சண்டையைத் தொடர்ந்தார். தன்னோடு படிக்கிற முஸ்லிம் வியாபாரி சொன்னது, ஹோட்டலில் வேலை செய்யும் சிங்களப் பெண் மறுத்தது என்று எல்லோரையும் அந்த மேசைக்குக் கொண்டுவந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. களைத்து வந்த மனுசன் சாப்பிட்டுவிட்டுப் படுக்காமல் இதென்ன விசர் என்று நினைத்தேன்.

படிப்பு முடிந்தது. கறுப்பு அங்கியோடு எடுத்த படம் சுவரில் ஏறியது. அலுவலகத்தில் கேக் வெட்டிக் கைகொடுத்தார்கள். எதிர்பார்த்த மனேஜர் பதவி வேறொருவருக்குப் போனது. "பாத்தியே, நான் சொன்னனான்" என்று அம்மா ஒரு மாதம் சொன்னாள். ஆனால் அத்தான் இப்போது ஞாயிறுகளில் வீட்டில் இருந்தார். எல்லோரோடும் மத்தியானம் சுடச்சுடச் சாப்பிட்டார். "இப்பதான் குடும்பம் குடும்பமா இருக்கு" என்று அம்மா மகிழ்ந்தாள்.

இதெல்லாம் இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன் என்னைப் போட்டு அரிக்கிறது என்றால், அதே படிப்புக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் வேலை. எனக்குக் கீழே வேலை பழகிய பிள்ளை ஒன்று அந்தப் பட்டத்தைக் காட்டி எனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டது. பட்டம் இல்லாமல் இனி நகரமுடியாது என்று ஒரு மனம் சொல்லும். அத்தானுக்கு நகர்ந்ததா என்று மறு மனம் கேட்கும். கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பித்தால் பட்டம் உதவும், சரி. என் பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு யார் கூட்டிப்போவது? காலி வீதி பஸ்ஸில் போகும்போது ஓம் என்று முடிவெடுப்பேன், வரும்போது வேண்டாம் என்பேன். இருந்தால் நிற்கவேண்டும் போலிருக்கும், நின்றால் நடக்கவேண்டும் போலிருக்கும்.

கேட்பதற்கு அத்தானைவிட்டால் யார்? போன கிழமை போனேன். ஓய்வுபெற்ற மனுசன், பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்கலாம். படிக்காமலும் விடலாம்" என்றார். இதைச் சொல்லவா ஒரு எம்.பி.ஏ.! கோபத்தோடு குசினிக்குள் போய் அக்காவிடம் கொட்டினேன். "அந்த ரெண்டு வருசமும் நீ பட்ட பாட்டை நான் என்ரை வீட்டு ஆக்களுக்கும் குடுக்கிறதோ எண்டுதான் பயமாக் கிடக்கு" என்றேன்.

அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"ஆர் பாடு பட்டது? அந்த ரெண்டு வருசம்தானடி அவர் என்னோட கதைச்சவர். கிழமை முழுக்க நான் ஞாயித்துக்கிழமைக்குத்தான் பாத்துக்கொண்டிருப்பன். நீங்கள் எல்லாரும் எப்ப எழும்பிப் போவியள் எண்டிருக்கும்." பல்கனிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "படிப்பு முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. பிறகு என்ன, சோறு சூடா இருந்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமாகவும் இருக்கலாம். "பதவி கிடைக்குமோ எண்டு என்னைக் கேக்காதை, எனக்குத் தெரியாது. நீ கிளாஸ் முடிஞ்சு வந்து ஆருக்குச் சொல்லுவாய்? அதை யோசி."

எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

இன்று ஞாயிறு, காலையில் அந்தப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு. முடிந்து வீட்டுக்கு வர வெயில் சாய்ந்துவிட்டது. மேசையில் ஒரு தட்டு, அதன் மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. பிள்ளை நித்திரை. என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறிப்போச்சு, சூடாக்கித் தரட்டோ?" என்றார், திரும்பாமலே.

"வேண்டாம். நீங்கள் இதில வந்து இருங்கோ. அங்க ஒரு விசயம் கேட்டவை, உங்களுக்குச் சொல்லவேணும்."

டீவியின் சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. வந்து எதிரே இருந்தார். கண் இன்னும் அங்கேதான் இருந்தது. மேல் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஆறின சோற்றைக் குழைத்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினேன்.