தம்பியின் முகவரியிலிருந்து

அச்சகத்தில் அவளைச் 'சந்திப்பிழை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓர் ஒற்றெழுத்துகூடத் தப்பியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எட்டு மாதத்துக்கு முன் இறந்துபோன தம்பியின் முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தது.

"அக்கா, ஒரு சின்ன ஒதவி. அவசரம். போன் பண்ணாத, எடுக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாத."

மோசடி என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவசரப்படுத்துவார்கள், பேசவிடமாட்டார்கள், ரகசியம் என்பார்கள் என்று எச்சரிக்கும் துண்டுப்பிரசுரத்தைப் போன வருடம் அவளே திருத்தியிருந்தாள். ஆனால் 'ஒதவி' என்று எழுதுவது தம்பி மட்டும்தான். எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவன். எவனோ கணக்குக்குள் புகுந்து அவனுடைய பழைய கடிதங்களையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

அழிக்கப்போன விரல் நின்றது. "தலைவலி எப்படி இருக்கு?" என்று எழுதினாள்.

தம்பி கடைசியாகப் போனில் சொன்னது அந்தத் தலைவலியைத்தான். "மாத்திரை போட்டுட்டுத் தூங்குடா" என்றிருந்தாள். மறுநாள் அவன் எழுந்திருக்கவில்லை.

நான்கே நிமிடத்தில் பதில்: "போயிடுச்சுக்கா. கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் அனுப்பு."

முதல் சொல்லை மட்டும் அன்று முழுக்கப் படித்தாள். அது தம்பி குரலிலேயே கேட்டது. மூன்று நாள், "நாளைக்கு வாங்குறேன்" என்று இழுத்தடித்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி மனைவி போனில் அழுதாள். "அண்ணி, உடனே வாங்க."

போனபோது, பதினொரு வயதுத் தம்பி மகள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூட மின்னஞ்சலுக்கும் முந்தின நாள் 'அப்பா' எழுதியிருந்தார்: அம்மா போனுக்கு ஆறு இலக்க எண் வரும், எனக்கு அனுப்பு. குழந்தை அனுப்பிவிட்டது. வங்கியில் இருந்ததெல்லாம் துடைத்தாற்போல் போய்விட்டது.

"அப்பா இல்லையா அத்தை?"

"இல்லடா கண்ணு."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். "உங்களுக்கும் வந்துச்சா அண்ணி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "செவ்வாக்கிழமையே வந்துச்சு."

தம்பி மனைவி எழுந்து போய் இறப்புச் சான்றிதழை எடுத்துவந்தாள். இருவருமாகப் படிவம் நிரப்பி, தம்பியின் மின்னஞ்சல் கணக்கை மூடச் சொன்னார்கள். பாதிப் பணத்தை வங்கி மீட்டுக் கொடுத்தது.

அந்த வீட்டுக்குப் போக்குவரத்து இன்னும் இருக்கிறது. வாங்க அண்ணி என்கிறாள், டீ போட்டுத் தருகிறாள். மகளை மட்டும் "உள்ள போய்ப் படி" என்று அனுப்பிவிடுகிறாள்.