மதினி வானத்தில் போட்ட குலவை

எங்கள் முத்துத்தாய் மதினியைப் போல ஒரு பிடிவாதக்காரி திருச்சுழி வட்டாரத்திலேயே கிடையாது. என் அண்ணன் நல்லமுத்துவுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து காட்டில் என்ன விதைப்பது, எப்போது விதைப்பது என்பதெல்லாம் அவள் சொல்தான். எங்களுக்குக் கிணறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லையென்றால் வெறும் கரிசல்.

இந்த வருஷம் புரட்டாசி பிறந்ததுமே மதினி புழுதியில் விதைத்துவிட்டாள். காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டு உழுது மூடிவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். வந்தால் ஊருக்கு முன்னால் முளைக்கும். வராவிட்டால் எறும்புக்கும் குருவிக்கும் விருந்து. பாதி விதையாவது இருக்கட்டும் என்று அண்ணன் கெஞ்சினார். கேட்டால்தானே! இருந்த குதிரைவாலி விதை அத்தனையையும் போட்டுவிட்டாள். அண்ணன் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். சோறு வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு இல்லை. இன்னும் ஒரு வாரம் போனால் விதை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையில் இருக்கும் அவர்கள் மகன் அருண்பாண்டியனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாட்டை யார் பார்ப்பது என்று அண்ணன் வர மறுத்துவிட்டார். துணைக்கு நான் போனேன். திரும்பும்போது அருண்பாண்டியன் எங்களை மதுரை விமானத்தில் ஏற்றிவிட்டான். இருவருக்கும் அதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் எனக்குத்தான் என்றேன். மதினி முந்திக்கொண்டாள்.

மதுரையை நெருங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. திடீரென்று விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. அடுத்து தொபுக்கென்று கீழே இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெட்டியது ஒரு மின்னல். எனக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்றுதான்.

"அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று கத்தினேன். இடி இடித்தால் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதுதானே!

மதினி என் வாயைப் பொத்தினாள். "சும்மா இருங்க கொழுந்தனாரே! வந்த இடிய வெரட்டி விட்டுறாதீக!"

"மதினி, நம்ம உசுரு ஊசலாடுது!"

"அங்க பாருங்க, மின்னல் நமக்குக் கீழ கெடக்கு!"

எட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் மறந்துபோனது. மலை மலையாக மேகம். ஒன்றின் வயிற்றுக்குள் வெளிச்சம் பற்றி, பக்கத்து மேகத்துக்குத் தாவி, கடைசி வரை ஓடியது. பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த மின்னலைக் குனிந்து பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும்!

பணிப்பெண் தமிழில் அறிவித்தாள். மதுரைக்குத் தெற்கே பலத்த இடிமழையாம், கொஞ்ச நேரம் வானத்திலேயே சுற்ற வேண்டுமாம்.

தெற்கே என்றால் எங்கள் பக்கம்! மதினி என் தொடையில் ஓங்கி அடித்தாள். அடுத்த நொடி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாளே பார்க்கணும்! ஏதோ ஆபத்து என்று முன்வரிசையில் ஒருத்தர் அலறிவிட்டார். பணிப்பெண், ஆடுகிற விமானத்தில் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து ஓடிவந்தாள்.

"ஏம்மா, நாங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருக்கோம், உங்களுக்குக் கொண்டாட்டமா?" என்று ஒருத்தர் சீறினார்.

"வெதைச்சிட்டு வந்திருக்கேன்யா!" என்றாள் மதினி. அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பது அவள் நினைப்பு.

இன்னொரு சுற்று, இன்னும் நாலு குலுக்கல். ஒருவழியாக இறங்கினோம். மதுரையில் தரை நனைந்திருந்தது. வாடகைக் காரில் ஏறியதும் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள்.

காரியாபட்டி வந்தது. ரோடு காய்ந்து கிடந்தது. முன்னால் போன லாரி புழுதியைக் கிளப்பியது. மதினியின் முகம் சுண்டிவிட்டது. "வேற எங்கயோ கொட்டிருச்சு போல" என்றாள். அவ்வளவு நேரம் துள்ளிய மனுஷியை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

போன் அடித்தது. அண்ணன்! மதினி பதறி எடுத்தாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஏ புள்ள! வரப்பு ஒடையப் போகுது! மம்பட்டிய எங்க வச்ச?"

"கோழிக் கூட்டுக்குப் பின்னால" என்றாள் மதினி.

"என்னது? கேக்கல! சத்தமாச் சொல்லு!"

மதினி கண்ணில் நீர் வழிய, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அங்கே அடித்துப் பெய்கிற மழையைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.