ஹாஜரா ராத்தாவின் கத்தரி நாற்று

விதைக்கடையில் விதை வாங்குகிறவர்களைவிட விதைக்கும் நாள் கேட்டுப் போகிறவர்களே அதிகம். எந்தக் கடை வைத்திருப்பவருக்கும் இந்த வேதனை ஓரளவு தெரிந்திருக்கும். கல்முனையில் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "ஊட்டுக்குள்ள எப்ப விதை போடுற?" எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் மாரி தொடங்கினால் ஜனவரி வரை விடாது. கத்தரி, மிளகாய் விதைகளை வெளியே போட்டால் மழை அள்ளிக்கொண்டு போய்விடும். நவம்பரில் கூரைக்குக் கீழே தட்டில் போட்டு, மழை தணிய வீட்டைச் சுற்றிய வளவில் நட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மிளகாய்க்குச் சீராட்டு

மாவடிப்பள்ளி இஸ்மாயில் காக்கா பரம்பரை வயல்காரர். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். நாற்றுத் தட்டைக் காட்டியதும் சிரித்தார். "நெல்லை வானத்தை நம்பி எறியிறம். மிளகாய மட்டும் ஊட்டுக்குள்ள வெச்சிச் சீராட்டணுமா? அது என்ன புதுமாப்பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, விதையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே மழை பிடித்தது. அவர் விதைத்தது அவர் வளவில் முளைக்கவில்லை. வேலிக்கு அப்பால் மச்சானின் வாழைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் தலை காட்டியதாம். குடையை மடக்கியபடி கடைக்குள் வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டுகள் அடுக்கிய பக்கம் பார்த்துச் சொன்னார்: "புதுமாப்பிள்ளைக்கு ஒரு தட்டுத் தாங்க."

சாத்திய சன்னல்

ஹாஜரா ராத்தாவின் மகன் நிஸ்தார் கட்டாரில் வாகனம் ஓட்டுகிறான். போய் மூன்று வருசம். ரமழான் நோன்புக்கு லீவு கிடைக்கும் என்று சொல்லியிருந்தான். விடியுமுன் உண்ணும் சஹர் சோற்றோடு உம்மா கையால் பொரித்து ஆக்கிய கத்தரிக்காய்க் கறி வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். கறிக்குக் காய் சந்தையில் கிடைக்கும். ராத்தாவுக்குத் தன் வளவில் காய்த்தது வேண்டும். நாள் கணக்குப் பார்த்து நவம்பர் தொடக்கத்தில் விதை கொடுத்தேன்.

மூன்று கிழமையில், தட்டைப் பொலித்தீனால் மூடி ஓட்டோவில் கொண்டுவந்தார். நாற்றெல்லாம் நூல்போல நெடுத்து, வெளிறி, ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. வெளிச்சம் காணாத நாற்று அப்படித்தான் வளரும். வீட்டுக்குள்ளே என்றால் விறாந்தையில், வெளிச்சம் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்று திரும்பவும் சொன்னேன். புது விதையும் எடுத்துக் கொடுத்தேன். இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "நிஸ்தார்ர அறையிலதான் தம்பி. அவன் வந்து திறக்கட்டும் எண்டு சன்னல் சாத்தித்தான் கிடக்கு."

ஆருக்குக் காய்க்கிறது?

இரண்டாவது முறை நாற்று திடமாக வந்தது. ஜனவரியில் நடுகைக்கு உரம் வாங்க ராத்தா வந்தபோது இஸ்மாயில் காக்காவும் கடையில் இருந்தார். கதையைக் கேட்டதும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கட மகன் பாலமுனையிலதானே கலியாணம் முடிச்சிரிக்கான்? வந்தா பொண்டாட்டிர ஊட்டுலதான் நோன்பு புடிப்பான். உங்கட வளவுல காய்ச்சி ஆருக்கு?"

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குக் குடிபோவான். உம்மாவின் வீட்டுக்கு வந்துபோகிற ஆளாகிவிடுவான். இது ராத்தாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் விதை போடும்போது யாரும் அதை நினைப்பதில்லை. ராத்தா உரப் பையின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, பாலமுனைக்கு பஸ்ஸில கொண்டுபோனா நாற்று வாடுமா?"

மரத்திலே விட்ட காய்

பாதி நாற்று பாலமுனைக்குப் போனது. மருமகள் ரிஸ்னாவின் வளவிலும் ராத்தாவின் வளவிலும் நோன்பு முடியுமுன் காய்த்தது. லீவுதான் காய்க்கவில்லை. கம்பனியில் ஆள் போதாதாம். ஓகஸ்டில் பார்க்கலாம் என்றார்களாம்.

பெருநாள் கழிந்து, வெயில் ஏறிய ஒரு காலையில் மாமியும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். ரிஸ்னா ஒரு கடதாசிப் பொட்டலத்தை விரித்தாள். உள்ளே காய்ந்த கத்தரி விதை. காயைப் படம் எடுத்து அனுப்பியபோது, "ஒரு காய மரத்திலேயே விடுங்க, நான் வந்து பறிக்கிறன்" என்றானாம் நிஸ்தார். விட்ட காய் மஞ்சளாகப் பழுத்து, விதையாகிவிட்டது.

"ஓகஸ்டுக்குக் காய்க்கணும். எப்ப போடுற?" என்று ராத்தா கேட்டார். இந்தக் கிழமையே போடுங்கள், இப்போது வெயிலுக்கும் வறண்ட கச்சான் காற்றுக்கும் பயந்து விறாந்தையில் வையுங்கள் என்றேன். "சன்னலத் திறந்துட்டன் தம்பி. அங்கயும் இப்ப வெளிச்சம் இரிக்கி" என்றார் ராத்தா. ரிஸ்னா மாமியைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்: "ரெண்டு தட்டுத் தாங்க காக்கா. ஒண்டு எங்கட ஊட்டுக்கு, ஒண்டு மாமிர ஊட்டுக்கு. அவர் முதல்ல எங்க வந்து இறங்கினாலும் கறி இரிக்கட்டும்."

விதைப் பக்கற்றின் பின்பக்கத்தில் முளைக்கும் காலமும் காய்க்கும் காலமும் அச்சடித்திருக்கிறார்கள். லீவு கிடைக்கும் காலத்தையும் சேர்த்து அச்சடித்தால் என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.