அலசக்கூடாத பாட்டில்கள்

கீழ்த்தளத்தில் அவளுக்கு ‘மாடி’ என்று பெயர். மேல்தளத்தில் ‘பாப்பா’. இளங்கலையின் கடைசி வருடத்தோடு சுற்றுச்சூழல் முதுகலையின் முதல் வருடத்தையும் சேர்த்தே படித்து முடிக்கும் திட்டம் ஒன்று அந்தக் கல்லூரியில் இருந்தது. ஒரு வருடம் மிச்சம் என்று வாசலில் பெரிய எழுத்தில் பலகை வேறு. அதை நம்பி அந்த வருடம் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

காலையில் கீழே இளங்கலை வகுப்பில், கூடப் படிப்பவர்கள் முந்தின நாள் பார்த்த சினிமாவைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் ஒப்புக்குச் சிரிப்பாள். மதியம் மேலே முதுகலை வகுப்பில், வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவர்கள் மாமியாரின் மூட்டுவலியையும் பிள்ளைகளின் காய்ச்சலையும் பேசுவார்கள்.

“உனக்கென்ன பாப்பா, கவலையே இல்ல!” என்பார் குடிநீர் வாரிய அதிகாரி.

அம்மாவோ, “எம்பொண்ணு ரெண்டு படிப்ப ஒண்ணா படிக்கிறா” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், பேச ஆளில்லாமல் தவிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வருடம் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். இளங்கலை வகுப்புப் புகைப்படத்தில் மற்றவர்களோடு தோளுரசி நிற்க வேண்டும். எல்லோரும் நீலச் சட்டை என்று முடிவானதும் முதல் ஆளாகப் போய் வாங்கி வந்தாள்.

புகைப்படத்தன்று மதியம் மேல்தளத்திலிருந்து அவளுக்குக் கால்வாயில் சோதனைத் தண்ணீர் எடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. விறுவிறுவென்று முடித்தால் சாயங்காலம் படம் எடுக்கும் படிக்கட்டுக்குப் போய்விடலாம். நீலச் சட்டைக்கு மேலேயே ஆய்வக அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கீழ்த்தள ஆய்வகத்தின் முதல் பாடம், எடுக்கப்போகும் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டு நிரப்புவது. மேல்தளத்தில் கொடுக்கும் பாட்டில்களிலோ, தண்ணீர் கெடாமலிருக்க அமிலம் விட்டிருப்பார்கள்; அலசினால் அத்தனையும் போய்விடும். இரண்டுமே அவளுக்கு மனப்பாடம். ஆனால் காலையில்தான் கீழே அலசி அலசி நிரப்பிவிட்டு வந்த கை. மனமோ படிக்கட்டில் நின்றது. கடைசி மூடியைத் திருகும்போதுதான் உறைத்தது.

பேசாமல் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? பாழாய்ப்போன மனசாட்சி கேட்கவில்லை. மேல்தள ஆய்வக மேடத்துக்குப் போன் செய்தாள்.

“மேடம், பாட்டிலையெல்லாம் அலசிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“ஐயோ! நாளைக்கு மதகு திறந்துருவாங்களேம்மா, தண்ணியே மாறிடும். வந்து புது பாட்டில் வாங்கிட்டுப் போய் இன்னைக்கே எடுத்துரு.”

இளங்கலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: ‘வேலை இழுத்துடுச்சு. எனக்காகக் கொஞ்சம் நில்லுங்க, ப்ளீஸ். ஓடி வந்துடறேன்.’

கல்லூரியின் பின்வாசல் வழியே ஓடி, பாட்டில்களை வாங்கிக்கொண்டு மறுபடி கால்வாய்க்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. போன் துடித்தது. படம் வந்திருந்தது. படத்தின் கீழே வகுப்புத் தலைவி எழுதியிருந்தாள்: ‘ஒருத்தர்கூட மிஸ் ஆகல!’

படத்துக்கு நேர் மேலே அவளுடைய செய்தி அப்படியே கிடந்தது.

படத்தைப் பெரிதாக்கி, தனக்காக எங்கேயாவது இடம் விட்டிருக்கிறார்களா என்று வரிசை வரிசையாகத் தேடினாள். எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். அழுதாள், பார்க்க ஆளில்லாததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே அழுதாள்.

பிறகு, ‘சூப்பர்!’ என்று பதில் போட்டாள். அதற்கு உடனுக்குடன் இதயங்கள் வந்து விழுந்தன.

அங்கியின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முதல் பாட்டிலை அலசாமல் நிரப்பினாள்.