பதினைந்து புள்ளி சர்க்யூட்

நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில், காரைக்காலில் யார் யாரோடு பேசினாலும் நடுவில் என் கை இருந்தது. யாராவது வீட்டில் போனை எடுத்தால் என் முன்னால் இருக்கும் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். நான் அந்த விளக்குக்குரிய துளையில் ஒயர்க் கயிற்றைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். கேட்ட நம்பரில் இன்னொரு கயிற்றைச் செருகுவேன். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவை எட்டு மணி நேரம் செய்துவிட்டு எழுந்தால் தோள்பட்டை கழன்று கையில் வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. காரைக்காலுக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது, போர்டு போய்விடும். போர்டில் இருப்பவர்களை இன்னும் போர்டு இருக்கிற ஊர்களுக்கு மாற்றுவார்கள். அது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தர்மபுரி என்றார் ஒருவர், ராமநாதபுரம் என்றார் இன்னொருவர். எனக்கு வந்ததே கோபம்! என் வீட்டுக்காரருக்குக் காரைக்காலில் ஐஸ் பாக்டரியில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஐஸ் பாக்டரியைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்குப் போக முடியுமா? அங்கே கடலா இருக்கிறது, மீனா இருக்கிறது?

ஊரிலேயே இருக்க ஒரே ஒரு வழிதான். மெஷின் பக்கத்து வேலைக்குப் போக இலாகா நடத்தும் பெரிய தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். நான் இரண்டு தடவை எழுதி இரண்டிலும் மண்ணைக் கவ்வியிருந்தேன். மூளை இல்லாமல் இல்லை, புத்தகம் இல்லாமல். கேள்வி எல்லாம் ஒரே ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வரும். அந்தப் புத்தகத்தை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது.

தேடாத இடம் இல்லை. மாதா கோயில் தெருவில் இருந்த புத்தகக் கடைக்காரர் பத்தாம் வகுப்பு கைடை எடுத்து நீட்டினார். ரேடியோ ரிப்பேர் கடையில், "போனும் ரேடியோவும் ஒண்ணுதாங்க, இதைப் படிங்க" என்று சாலிடரிங் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். நூலகத்தில் மேல் அலமாரியில் உண்மையாகவே டெலிபோன் படம் போட்ட ஒரு புத்தகம் கிடைத்தது. பிரித்தால் முழுக்கப் பிரெஞ்சு! எனக்கு பிரெஞ்சில் "மெர்சி" தவிர ஒரு வார்த்தை தெரியாது.

எங்கள் சந்தாதாரர்களில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் போனை எடுத்து நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால் போதும், சாயங்காலமே புகார்க் கடிதம் வந்துவிடும். ஆனாலும் எனக்கு வேறு யார் கதி? புத்தகத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எட்டாம் நாள் போன் செய்தார்.

"முழுசாப் படிச்சுட்டேம்மா. இது போன் வாங்கறவங்களுக்கு எழுதினது. இடி இடிக்கிறப்போ பேசக் கூடாது. வாய்க்கு நேரா வச்சுப் பேசணும். கத்தக் கூடாது. இவ்வளவுதான் இருக்கு."

"அந்தக் கத்தக் கூடாதுங்கறதை நல்லாப் படிச்சீங்களா?" என்றேன். அதற்கும் ஒரு புகார் வந்தது.

கடைசியில் எனக்கு உருப்படியாக உதவியது என் கையில் இருந்த கயிறுதான். வெளியூர்ப் பேச்சுக்கான எங்கள் டிரங்க் லைன் மாயவரம் போர்டுக்குப் போகும். அங்கே ஒரு பெண். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பேரும் கேட்டதில்லை. போர்டில் எல்லோருக்கும் ஊர்தான் பேர். அவள் எனக்கு மாயவரம், நான் அவளுக்குக் காரைக்கால். மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றரை வரை ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும், போன் கால் அதிகம் வராது. அப்படி ஒரு மத்தியானம் அவளிடம் அழாத குறையாகப் புலம்பினேன்.

"அட, இதைச் சொல்ல உங்களுக்கு ரெண்டு பரீட்சை ஆச்சா?" என்றாள். "கேட்டுப் பாக்கறேன், இருங்க."

அவள் கும்பகோணத்தைக் கேட்டாள், சிதம்பரத்தைக் கேட்டாள். அவர்கள் அடுத்த ஊர்களைக் கேட்டார்கள். பத்து நாள் கழித்து, "காரைக்கால், உங்க புத்தகம் விருத்தாசலத்துல இருக்கு. லைன்ல இருங்க" என்றாள்.

விருத்தாசலம் போர்டில் இருந்தவள் நிதானமான குரல்காரி. புத்தகம் அவளிடம்தான் இருந்தது. ஆனால் அதே தேர்வை அவளும் எழுதப்போகிறாள். எனக்கு உள்ளே புஸ் என்று போய்விட்டது. நகல் எடுக்கும் மெஷின் அப்போது எங்கள் ஊரிலும் கிடையாது, அவர்கள் ஊரிலும் கிடையாது.

"புத்தகத்தைக் குடுக்க முடியாதுங்க. ஆனா படிச்சுச் சொல்றேன், எழுதிக்குங்க. சத்தமாப் படிச்சா எனக்கும் மனசுல நிக்கும்."

"நானும் கேட்டுக்கிட்டு இருப்பேன்" என்றாள் மாயவரம். "கால் வந்தா சொல்லாம வெட்டிடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் எனக்குப் பாடம். ஒரு நாள் இருபது நிமிஷம் கிடைக்கும், ஒரு நாள் ஐந்து. வாக்கியத்தின் நடுவில் லைன் போகும். அடுத்த நாள் விட்ட வார்த்தையிலிருந்து ஆரம்பிப்பாள். இப்படி இரண்டு நோட்டு நிறைந்தது. பிறகு படங்கள் வந்தன, அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஒரு சர்க்யூட் படத்தை வாயால் எப்படிச் சொல்வது? "மேல ஒரு ரிலே இருக்கு, அதுல இருந்து ஒரு கோடு போய், திரும்பி, இன்னொண்ணைத் தாண்டி..." என்று அவள் சொல்லச் சொல்ல நான் கிறுக்கியதைப் பார்த்தால் இடியாப்பம் மாதிரி இருந்தது. ரிலே என்பது மின்சாரம் வந்தால் தானே இழுத்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடும் ஒரு குட்டி ஸ்விட்ச். எந்த ரிலேக்கு எந்தக் கோடு என்பதுதான் பரீட்சையே.

இரண்டு நாள் திண்டாடிய பிறகு விருத்தாசலம் மெதுவாகக் கேட்டாள். "காரைக்கால், நீங்க கோலம் போடுவீங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க தெருவுல வந்து விசாரிச்சுப் பாருங்க!"

"அப்ப சரி. ஏழு புள்ளி, ஏழு வரிசை வைங்க."

அடடா, அந்த நிமிஷம் இருந்த சந்தோஷம்! அவள் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் புள்ளி குத்திக்கொள்வாள். மூன்றாவது வரிசை, நாலாவது புள்ளியில் ரிலே. அங்கிருந்து இரண்டு புள்ளி கீழே, ஒரு புள்ளி வலது. நான் போட்டுக்கொண்டே வருவேன். பத்து நிமிஷத்தில் ஒரு சர்க்யூட் விருத்தாசலத்திலிருந்து காரைக்கால் வந்து சேர்ந்துவிடும்.

மனதில் நிற்பதற்காக அதையே காலையில், காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடியில் இருந்த என் வீட்டு வாசலில் கோலமாவால் போட ஆரம்பித்தேன். தெருவில் ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்கப் போகிறவர். முதல் நாள் கூடையோடு நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நண்டா?" என்றார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்தார். "மிதிச்சா ஷாக் அடிக்கும்" என்று பிள்ளைகளை வேறு மிரட்டினார். எதிர்வீட்டுப் பெண் நான்காம் நாள் அதைப் பார்த்துத் தன் வாசலிலும் போட்டு, நடுவில் ஒரு பூசணிப்பூவை வைத்தாள். அந்த இடத்தில் ஒரு ரிலே இருந்தது.

கடைசியில் மிச்சம் இருந்தவை ஐந்து பெரிய படங்கள். வருஷா வருஷம் பரீட்சையில் அவற்றில் ஒன்று கட்டாயம் வரும். "பதினஞ்சு புள்ளி" என்றாள் விருத்தாசலம். வைத்தேன். ஆனால் இதில் ஏதோ இடித்தது. "ரெண்டு புள்ளிக்கும் நடுவுல கீழ இருக்கற புள்ளியைத் தொடுங்க" என்பாள். என் தாளில் நடுவில் புள்ளியே இருக்காது. கேட்டிருக்க வேண்டும். தெருவையே சாட்சிக்கு இழுத்துப் பெருமை பேசியவள், புள்ளி எங்கே என்று எந்த வாயால் கேட்பது? பக்கத்தில் எது இருந்ததோ அதில் முட்டுக் கொடுத்து ஐந்தையும் முடித்தேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது நோட்டையும் படத்தையும் ஒத்துப் பார்த்தேன். பேசியவர் போனை வைத்ததும் முதல் ரிலே விட்டுவிடும் என்கிறது நோட்டு. என் படத்தில் அந்த ரிலேக்கு மின்சாரமே வரவில்லை. ஐந்து படத்திலும் இதே கதை. அன்று மத்தியானம் லைன் கிடைத்ததும் பொரிந்து தள்ளினேன்.

"நீங்க சொன்னது எல்லாம் தப்பு. என் பொழப்பே போச்சு!"

"நான் சரியாத்தாங்க சொன்னேன். நீங்க எப்படிப் போட்டீங்களோ."

"எனக்குக் கோலம் போடத் தெரியாதுங்கறீங்களா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், ஒரு அவசர கால் வந்து மாயவரம் வெட்டிவிட்டாள். அன்று மாலை பிடித்தது மழை. கம்பங்கள் சாய்ந்தன. டிரங்க் லைன் செத்துப்போயிற்று. மீண்டும் வரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். தர்மபுரி என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைவிட, எனக்காகத் தினமும் தொண்டை வறளப் படித்தவளிடம் அப்படிக் கத்திவிட்டேனே என்பதுதான் உறுத்தியது.

மூன்றாம் நாள் காலை மழை கொஞ்சம் விட்டது. பிடிவாதமாக அந்தப் பெரிய படத்தை வாசலில் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இது ஒட்டாம நிக்குதே?"

"அதாங்க்கா எனக்கும் தெரியல."

"நீ நேர்ப்புள்ளி வச்சிருக்க. இது ஊடுபுள்ளிக் கோலம்மா. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, நடுவுல வர்ற மாதிரி தள்ளி வையி. தன்னால சேந்துக்கும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தெருவில் எத்தனை பெரிய கோலமானாலும் நேர்ப்புள்ளிதான். விருத்தாசலத்துக்காரி வீட்டில் பெரிய கோலம் என்றாலே ஊடுபுள்ளியாக இருந்திருக்கும். அவளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை, எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அடுத்த மூன்று காலைகளில் ஐந்து படத்தையும் புதுப் புள்ளியில் போட்டேன். சேர்ந்ததா என்று பார்க்க, மின்சாரம் போகிற வழியெல்லாம் விரலை ஓட்டினேன். ஒவ்வொரு ரிலேயும் ஏன் இழுக்கிறது, ஏன் விடுகிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தேர்வு திருச்சியில். இரண்டு பஸ் மாறிப் போனேன். கேள்வித்தாளைத் திருப்பினால் கடைசிக் கேள்வி ஐந்தில் மூன்றாவது படம். பென்சிலால் லேசாகப் பதினைந்து புள்ளி வைத்தேன். அடுத்த வரிசையைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா நிமிர்ந்தேன். சாய்வாக முன்னால் இருந்த பெஞ்சில் கனகாம்பரம் வைத்த ஒரு பெண் குனிந்து தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, தள்ளித் தள்ளி. அத்தனை பெரிய ஹாலில் ஸ்கேல் எடுக்காமல் புள்ளி வைத்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

மணி அடித்ததும் பின்னால் ஓடிப்போய், "விருத்தாசலம்!" என்றேன்.

திரும்பினாள். குரலைக் கேட்டதுமே அவள் முகம் கோணிவிட்டது. "காரைக்கால்! அது ஊடுபுள்ளிங்க! சொல்ல மறந்துட்டேன். லைன் போனப்புறம்தான் எனக்கு உறைச்சுது. பத்து நாளாச் சோறு இறங்கல. உங்களைக் கெடுத்துட்டேனே, பாவி நான்!"

"ஊடுபுள்ளியிலதான் போட்டேன்" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. என் கையைப் பிடித்து, தன் உள்ளங்கையில் போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அதற்கப்புறம்தான் அழுதாள். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பரீட்சை எழுத வந்த மற்றவர்கள், நாங்கள் இரண்டு பேரும் பெயில் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முடிவு முதலில் மாயவரத்துக்குத்தான் வந்தது. ஒரு மத்தியானம், "காரைக்கால், விருத்தாசலம், ரெண்டு பேரும் லைன்ல இருங்க" என்றாள். கொஞ்சம் இழுத்தாள், கள்ளி. பிறகு, "ரெண்டும் பாஸ். அடுத்த தடவை நான் எழுதறேன், எனக்கும் எல்லாப் புள்ளியும் தெரியும்" என்றாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், சிரித்தோம், மூக்கை உறிஞ்சினோம். என் போர்டில் விளக்கு விளக்காக எரிந்தது. நான் ஒன்றையும் தொடவில்லை.

பயிற்சி முடித்து வந்து, காரைக்காலிலேயே என் புது மேஜையில் உட்கார்ந்த அன்று முதல் காகிதமாக ஒரு பழைய புகார் இருந்தது. சொல்தா எழுதியது. இன்ன தேதி, அதாவது எங்கள் முடிவு வந்த அன்று, மத்தியானம் ஐந்து நிமிஷம் எக்ஸ்சேஞ்சில் யாருமே பதில் சொல்லவில்லை, காரணம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுத வேண்டியவள் இனி நான்தான். "லைனில் கோளாறு இருந்தது. இப்போது சரியாகிவிட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.